வரக்காப்பிக்கு வந்த வாழ்வு

மதுரையை அடுத்த எங்கள் பரவை வீட்டில் மூன்று விதமான காப்பி உண்டு. பால் ஊற்றிச் சீனி போட்டது விருந்தாளிக்கு. கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்த வரக்காப்பி வீட்டு ஆட்களுக்கு. காப்பிக்கொட்டையே சேராத சுக்குமல்லிக் காப்பி, சளி பிடித்தவர்களுக்கும் மழை நாளுக்கும். மூன்றில் எது மேல், எது கீழ் என்பதில் எங்கள் தெருவில் யாருக்கும் இரண்டாவது கருத்து இருந்ததில்லை.

யாராவது ஊரிலிருந்து வந்துவிட்டால் அப்பத்தா என் கையில் தூக்குவாளியைக் கொடுத்து மாடு வைத்திருப்பவர் வீட்டுக்கு விரட்டுவார். ஓர் ஆழாக்குப் பால் கிடைத்துவிட்டால் வீட்டு மானம் பிழைத்தது. கிடைக்காத நாளில் வந்தவர் முன்னால் போய் நின்று, "பாலு தீந்துபோச்சுப்பா, வரக்காப்பிதான் இருக்கு, குடிக்கிறீகளா?" என்று கேட்பார். கேட்கும்போதே குரல் பாதியாக இறங்கிவிடும். அதில் கருப்பட்டி போட்டிருப்பதைச் சொல்லவே மாட்டார். ரேஷன் அட்டைக்கு அளந்து கொடுத்த சீனி அடுக்குப்பானைக்குப் பின்னால் ஒரு டப்பாவில் இருக்கும். அது தீபாவளிக்கும் விருந்தாளிக்கும். கருப்பட்டி ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஓலைக்கொட்டானில் வந்து விலை மலிவாகக் கிடைத்தது. அதைப் பாலோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் பால் திரிந்துவிடும். ஆகவே கருப்பட்டி வாங்குகிற வீடு வரக்காப்பி வீடாகவே இருந்தது. இல்லாமையின் அடையாளங்கள் இரண்டும் ஒரே டம்ளருக்குள் வந்து சேர்ந்துகொண்டன.

இன்று பரவையைத் தாண்டித் திண்டுக்கல் போகும் நாலுவழிச் சாலையில் ஏறினால் வழி நெடுகக் கருப்பட்டிக் காப்பிக்குப் பலகை வைத்திருக்கிறார்கள். கார்களை ஓரங்கட்டி, குடும்பத்தோடு இறங்கி, பித்தளை டபராவில் வாங்கிக் குடிக்கிறார்கள். கருப்பட்டியின் விலை சீனியைப்போலப் பல மடங்கு. அதில் சீனிப்பாகைக் கலந்து ஏமாற்றுகிறார்கள் என்ற புகார்கூட வந்துவிட்டது. என் சிறுவயதில் சீனியைக் கலந்து கருப்பட்டி செய்வார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் தெருவே நம்பியிருக்காது. மதுரை நகருக்குள் குளிரூட்டிய கடைகளில் பாலும் சீனியும் சேராத காப்பிக்குத் தனி மரியாதை. எந்தத் தோட்டம், எத்தனை மீட்டர் உயரம், பழத்தை எப்படி உலர்த்தினார்கள் என்றெல்லாம் அட்டையில் எழுதி, நூற்றைம்பது ரூபாய்க்குக் குறையாமல் விற்கிறார்கள். சீனி வேண்டாம் என்பவருக்கு விவரம் தெரிந்தவர் என்று பெயர். அப்பத்தா குரலை இறக்கிக்கொண்டு நீட்டிய அதே வரக்காப்பி இது.

இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். கொட்டையின் உண்மையான ருசி வரக்காப்பியில்தான் தெரியும். ஆனால் குடிக்கிற பொருளுக்கு வந்த மரியாதை அதை ஆதியிலிருந்து சுமந்தவர்களுக்கு வந்திருக்கிறதா என்று பார்க்கப் புகுந்தால், காப்பியின் வரலாறு முழுக்க இப்படித் தலைகீழான சங்கதிகளாகவே இருக்கின்றன. அவற்றில் பல எங்கள் மதுரைச் சீமையோடு நேராகத் தொடர்புள்ளவை.

காப்பிச்செடி எத்தியோப்பியாவின் தென்மேற்குக் காடுகளில் தானாக முளைத்தது. கல்தி என்ற இடையனின் ஆடுகள் சிவந்த பழத்தைத் தின்று துள்ளின என்ற கதையை எல்லோரும் கேட்டிருப்போம். அது அச்சேறியதே 17ஆம் நூற்றாண்டில்தான். உறுதியாகத் தெரிந்த வரலாறு 15ஆம் நூற்றாண்டு யேமனில் தொடங்குகிறது. சூஃபிகள் இரவு வழிபாட்டில் கண் சொருகாமல் இருக்க இதைக் காய்ச்சிக் குடித்தார்கள். பால் சேர்க்கவில்லை. முதல் காப்பியே வரக்காப்பிதான்.

வழிபாட்டுக்காகக் காய்ச்சிய பானத்தை வழிபாட்டுக்கு விரோதம் என்று தடைசெய்ததும் அதே உலகம்தான். 1511இல் மெக்காவின் ஆளுநர் கைர் பேக் காப்பியின் மேல் விசாரணையே நடத்தி, கொட்டை மூட்டைகளைத் தெருவில் எரிக்கச் செய்தார். கெய்ரோவிலிருந்த சுல்தான் அந்தத் தடையை ஏற்கவில்லை. பிறகு 1675இல் இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் காப்பிக்கடைகளை மூடச்சொல்லி ஆணை போட்டார். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே பின்வாங்கினார். இரு இடத்திலும் ஆள்பவர்களுக்கு இருந்த பயம் ஒன்றே. மனிதர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து, போதையில்லாமல், தெளிவாகப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

லண்டனில் முதல் காப்பிக்கடை 1652இல் வந்தது. பாஸ்குவா ரோஸே என்பவர் திறந்தது. ஒரு பென்னி கொடுத்தால் பிரபுவும் கடைப்பையனும் ஒரே நீண்ட மேசையில் உட்காரலாம் என்பது அந்தக் கடைகளின் பெருமை. பெண்களுக்கு மட்டும் இடமில்லை. எட்வர்ட் லாய்ட் நடத்திய கடையில் கப்பல்காரர்கள் கூடிப் பேசியதிலிருந்துதான் லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தை முளைத்தது. இந்த நீண்ட மேசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம்மூர்க் காப்பிக் கிளப்புக்கு வரும்போது தேவைப்படும்.

அரேபிய வணிகர்கள் முளைக்கும் கொட்டையை வெளியே விடாமல், வறுத்தோ வேகவைத்தோதான் விற்றார்கள். அந்தக் காவலை 17ஆம் நூற்றாண்டில் மீறியவர் பாபா புடன் என்ற சூஃபிப் பெரியவர். ஹஜ் பயணத்திலிருந்து திரும்பும்போது ஏழு கொட்டைகளை மறைத்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது மரபு. இன்றும் அந்த மலை அவர் பெயரில்தான் இருக்கிறது. மலபாரிலிருந்து டச்சுக்காரர்கள் 1690களில் ஜாவாவுக்குச் செடி கொண்டுபோனார்கள். ஜாவாவிலிருந்து ஒரு செடி 1706இல் ஆம்ஸ்டர்டாம் தாவரத் தோட்டத்துக்குப் போனது. அதன் வாரிசு ஒன்றை 1714இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயிக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். அங்கிருந்து கரீபியத் தீவுகளுக்கும் தென்னமெரிக்காவுக்கும் பரவியது. இன்று மதுரைக் கடையில் வெளிநாட்டுக் காப்பி என்று ஏகப்பட்ட விலை கொடுத்து வாங்குகிற லத்தீன் அமெரிக்க அரபிகாவின் பழைய வம்சம் ஒன்று, மேற்குத்தொடர்ச்சி மலையைத் தொட்டுவிட்டுப் போனதுதான்.

தான் சிறுமியாக இருந்தபோது பரவையில் காப்பி குடித்தவர்கள் குறைவு என்று அப்பத்தா சொல்வார். காலையில் நீராகாரம், வயலுக்குக் கம்மங்கூழோ கேப்பைக்கூழோ. பெரிய வீடுகளில்தான் காப்பி. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கத்துக்கும் காப்பிக்கும் நடந்த கல்யாணத்தை ஆ. இரா. வேங்கடாசலபதி ஓர் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதியிருக்கிறார். 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்பது அதன் தலைப்பு. பழையதும் நீராகாரமும் போய்விட்டதே, உடம்பு கெடுகிறதே, வெள்ளைக்காரன் பழக்கம் வீட்டுக்குள் வந்துவிட்டதே என்று அந்தக் காலத்தில் பலர் எழுதித் தீர்த்தார்கள். எழுதியவர்கள் வீட்டிலும் காலையில் டிகாக்ஷன் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஒரு தலைமுறை கழிவதற்குள், அன்னியம் என்று திட்டு வாங்கிய பானம் தமிழ்ப் பண்பாட்டின் அடையாளமாகிவிட்டது. இன்றைக்குச் சென்னையிலோ சிங்கப்பூரிலோ தமிழ் உணவுக் கடை திறப்பவர் முதலில் சுவரில் வரைவது டபரா டம்ளரைத்தான். அன்று விரட்டப்பட்ட பழைய சோறும் இப்போது மண்சட்டியில் வெங்காயத்தோடு மெனு கார்டில் ஏறிவிட்டது.

நகரங்களில் காப்பிக் கிளப்புகள் வந்தபோது லண்டனின் அந்த நீண்ட மேசை வரவில்லை. பிராமணாள் காப்பி கிளப் என்று பலகை வைத்தார்கள். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. பெரியாரும் அவரது இயக்கத்தினரும் விடாமல் எதிர்த்ததில் 1941இல் ரயில்வே அந்தப் பிரிவினையைக் கைவிட்டது. கடைப்பெயரிலிருந்து அந்தச் சொல்லை நீக்க அவர் 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால் மறியல் நடத்தினார். அதே 1957இல் இன்னொன்றும் நடந்தது. அரசின் காப்பி போர்டு தன் காப்பி ஹவுஸ்களை மூடி ஊழியர்களை வெளியே அனுப்பியபோது, ஏ. கே. கோபாலன் முன்நின்று அந்த ஊழியர்களையே கூட்டுறவுச் சங்கமாகத் திரட்டிக் கடைகளை நடத்த வைத்தார். தலைப்பாகை கட்டிப் பரிமாறியவர்கள் கடைக்கு உடைமைக்காரர்கள் ஆனார்கள். காப்பி வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இது. உலகெங்கும் மனிதர்களைச் சேர்த்து உட்கார வைத்த பானம் நம்மிடம் வந்து மனிதர்களைப் பிரித்து உட்கார வைத்தது. அதைச் சரிசெய்ய மறியலும் சங்கமும் தேவைப்பட்டன.

நகரத்தில் பலகை என்றால் கிராமத்தில் கிளாஸ். எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஓர் ஊரின் கடையில், கூரையின் இறவாரத்தில் தனியாகச் சில கிளாஸ்கள் கவிழ்த்து வைத்திருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சேரியிலிருந்து வருபவர் அதை எடுத்து, தானே கழுவி, தரையில் வைக்க வேண்டும். கடைக்காரர் உயரத்திலிருந்து ஊற்றுவார். அதற்கு முந்தைய தலைமுறையில் அந்த இடத்தில் தேங்காய்ச் சிரட்டை இருந்தது என்று பெரியவர்கள் சொன்னார்கள். பொது உணவுக்கடையில் எல்லோருக்கும் வைத்திருக்கும் பாத்திரத்தை ஒருவருக்கு மறுப்பது குற்றம் என்று 1955ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. நான் பார்த்தது அந்தச் சட்டம் வந்து பல வருடம் கழித்து. அன்று அங்கே குடித்து முடித்த ஒரு பெரியவர் கிளாஸைக் கழுவிப் பழைய இடத்தில் கவிழ்த்துவிட்டு, காசைக் கல்லாவில் கொடுக்காமல் பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். அவர் வைத்த காசை மட்டும் கடைக்காரர் தயங்காமல் கையால் எடுத்தார்.

பிறகு பேப்பர் கப் வந்தது. எல்லோருக்கும் ஒரே கப் என்றாகிப் பல ஊர்களில் அந்தத் தனி கிளாஸ் காணாமல் போனது. பல வருடப் போராட்டம் செய்ய முடியாததை ஒரு மலிவான கப் செய்துவிட்டது என்று சிலர் எழுதினார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சில ஊர்களில் அந்தக் கப்பே புதுச் சிரட்டை ஆனது: ஒரு சாராருக்குக் கண்ணாடி கிளாஸ், இன்னொரு சாராருக்குப் பேப்பர் கப். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புகளைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது, குப்பை சேர்கிறது என்பதற்காக. நகரத்துக் கடைகள் மறுபடி எவர்சில்வருக்கும் கண்ணாடிக்கும் திரும்பின. சில கடைகள் இப்போது தேங்காய்ச் சிரட்டையை மெருகேற்றிக் கைப்பிடி வைத்துக் காப்பிக் கோப்பை என்று விற்கின்றன; இயற்கைக்கு உகந்தது என்று வாங்கிப் போகிறார்கள். செய்கிறவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் சிரட்டையைக் கையில் வாங்கும்போது எங்கள் பக்கத்து மனிதர்கள் சிலருக்கு நெஞ்சு ஏன் கனக்கிறது என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

இனி கடலுக்கு அந்தப் பக்கம் போவோம்.

காப்பி மதுரைச் சீமைக்குப் பானமாக வருவதற்கு முன்பே, மதுரைச் சீமையின் மனிதர்கள் காப்பியைத் தேடிப் போய்விட்டார்கள். 1820களில் கண்டி மலைப்பகுதியில் ஆங்கிலேயர்கள் காப்பித் தோட்டம் போடத் தொடங்கினார்கள். மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பகுதிகளிலிருந்து ஆட்களைக் கங்காணிகள் திரட்டிக்கொண்டு போனார்கள். காப்பிக்குப் பழம் பறிக்கும் காலம் என்று ஒன்று உண்டு. அந்தச் சில மாதங்களுக்குத்தான் நிறைய கை வேண்டும். ஆகவே போனார்கள், அறுவடை முடிந்து திரும்பினார்கள், அடுத்த வருடம் மறுபடி போனார்கள். கடற்கரை வரை நடை. தோணியில் மன்னார். அங்கிருந்து தண்ணீரில்லாத காட்டுக்குள் மாத்தளை நோக்கி மறுபடி நடை. காலராவிலும் அம்மையிலும் பசியிலும் பாதையோரத்திலேயே விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களில் பெரும்பாலோர் ஒரு டம்ளர் காப்பியை ருசி பார்க்காமலே இறந்திருப்பார்கள். அவர்கள் பறித்த கொட்டை லண்டனுக்குப் போனது.

எங்கள் வீட்டிலிருந்தும் ஒருவர் கண்டிச்சீமைக்குப் போய்த் திரும்பவில்லை. அப்பத்தாவின் தாத்தாவோடு பிறந்தவர். பெயர் மட்டும் வீட்டில் நிலைத்தது. வீட்டில் பிறந்த ஒரு பிள்ளைக்கு அதை வைத்தார்கள். எந்தத் தோட்டம், எப்படி முடிந்தார் என்ற செய்தி வரவேயில்லை. அப்பத்தா வரக்காப்பியைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்வார். குடிப்பது அவர் பறிக்கப்போன அதே பொருள் என்பதை அந்தக் கதையோடு அப்பத்தா சேர்த்துப் பார்த்ததில்லை. எனக்கும் அந்தத் தொடர்பு புத்தகங்களைப் படித்த பிறகுதான் உறைத்தது.

1869இல் இலங்கைத் தோட்டங்களின் இலைகளுக்கு அடியில் ஆரஞ்சுப் பொடி படர்ந்தது. இலைத்துரு நோய். ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று அந்தப் பூஞ்சைக்குப் பெயரிட்டார்கள். உலகின் முன்வரிசைக் காப்பி நாடுகளில் ஒன்றாக இருந்த இலங்கை, ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் காப்பியையே கைவிட்டது. பட்டுப்போன காப்பி மரத்தண்டுகளை உரித்து, தேநீர் மேசைகளுக்குக் கால் செய்ய இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார்கள். மலையில் தேயிலை வந்தது. தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்து கிள்ள வேண்டும். வந்து போய்க்கொண்டிருந்த தமிழர்கள் அதன்பின் லயங்கள் என்ற வரிசை வீடுகளில் நிரந்தரமாகத் தங்க வேண்டியதாயிற்று. ஒரு பூஞ்சை மலையகத் தமிழர் என்ற சமூகத்தின் தலையெழுத்தை மாற்றியது. அந்த மலைத்தோட்டங்களை உருவாக்கியவர்களின் பிள்ளைகளிடமிருந்து 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. மண்டபம் முகாமுக்கு வந்து, அங்கிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் எங்கெங்கோ பிரிந்து போனார்கள். மலையிலிருந்து வந்தவர்களில் பலருக்கு மறுபடி மலைத்தோட்ட வேலையே கிடைத்தது.

எங்கள் பள்ளியில் சிலோன் பிள்ளைகள் என்று நாங்கள் அழைத்தவர்கள் படித்தார்கள். அவர்கள் வீட்டில் பால் ஊற்றாத பிளேன்டீதான். சீனியை அதில் கரைக்காமல் உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே குடிப்பார்கள். குறைந்த சீனியில் நிறைய டீ குடிக்கும் வழி அது. எங்கள் வரக்காப்பிக்கும் அவர்கள் பிளேன்டீக்கும் நடுவில் பெரிய தூரமில்லை.

இந்தியாவிலேயே காப்பியை நம்மவர்கள் குடிக்கட்டும் என்று அதிகாரிகள் நினைத்த கதையும் சொல்லத்தக்கது. 1930களில் உலக விலை சரிந்தது. பிரேசில் 1931 முதல் 1944 வரை ஏறத்தாழ 7.8 கோடி மூட்டைக் காப்பியை அழித்தது. ரயில் எஞ்சினில் நிலக்கரிக்குப் பதில்கூடப் போட்டு எரித்தார்கள். மிஞ்சிய கொட்டையை என்ன செய்வது என்று பிரேசில் கேட்டதில் பிறந்ததுதான் 1938இல் வந்த நெஸ்கஃபே. இந்தியாவில் 1936இல் பம்பாயில் முதல் காப்பி ஹவுஸைத் திறந்தார்கள். உலகப்போரில் ஐரோப்பியச் சந்தையும் அடைபட, 1942ஆம் ஆண்டுச் சட்டப்படி விளைந்த காப்பி முழுவதையும் காப்பி போர்டு ஒரே தொகுப்பாக வாங்கி விற்றது. அந்த ஏற்பாடு 1996 வரை நீடித்தது. வெளியே விலைபோகாத காலத்தில்தான் நம் ஊர் நாக்கை நினைத்தார்கள். இன்றும் இந்தியாவில் விளைவதில் பத்தில் ஏழு பங்கு ஏற்றுமதியாகிறது.

டவுனில் காப்பிக்கொட்டை வாங்கி வீட்டில் வறுக்கும் பழக்கம் பரவையில் சில வீடுகளில் மட்டுமே இருந்தது. வறுக்கும் அன்று தெரு முழுக்க வாசம் நிற்கும். மேசையில் திருகி வைத்த கை அரைவையைச் சுற்ற எங்களைப் போன்ற பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். அந்த வீட்டு மாமி சிக்கரியைத் தொடமாட்டார். எங்கள் வீட்டிலோ சிக்கரி தாராளமாகக் கலந்த தூள்தான். தண்ணீர் கருப்பாகத் தெரியும், காசும் மிஞ்சும். சிக்கரி ஒரு கிழங்கு வேர், அதில் காஃபீன் கிடையாது. நெப்போலியன் காலத்தில் துறைமுகங்கள் அடைபட்டபோது ஐரோப்பியர்கள் காப்பிக்கு மாற்றாகப் பிடித்துக்கொண்டது. இன்றைய இந்திய உணவு விதிப்படி, சிக்கரி கலந்த தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டின் விகிதத்தையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். கடைகளில் தாராளமாகக் கிடைக்கும் பல பாக்கெட்டுகள் அந்த எல்லைக் கோட்டை ஒட்டித்தான் நிற்கின்றன. ருசிக்காகச் சிக்கரி சேர்ப்பவரை நான் குறை சொல்லவில்லை. எவ்வளவு என்று தெரிந்து வாங்குங்கள் என்கிறேன்.

பரவை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நாட்டுப்புறப் பாடகி முனியம்மாவும் காய்கறி மார்க்கெட்டும்தான் நினைவுக்கு வரும். அந்த மார்க்கெட்டுக்கு நடுராத்திரியில் லாரிகள் வருகின்றன. மூட்டை இறக்குகிறவர்கள் குடிப்பது டீ. காப்பி கேட்டால் பெரும்பாலும் இன்ஸ்டன்ட் பொடியைத்தான் கலக்கித் தருவார்கள். மலையிலிருந்து இறங்குகிற வாழைத்தாரும் அங்கே வந்து சேர்கிறது. சிறுமலையிலும் பழனி மலையின் கீழ்ச்சரிவுகளிலும் வாழையோடும் மிளகோடும் ஆரஞ்சோடும் மரநிழலில் கூடவே வளர்வது காப்பி. வாழை எங்கள் ஊருக்குத் தெரியும். அதன் நிழலில் நின்ற காப்பியை எங்கள் ஊருக்கு யாரும் அறிமுகப்படுத்தவில்லை.

திண்டுக்கல் சாலையில் வாடிப்பட்டியைக் கடக்கும்போது வலப்பக்கம் நீளமாகக் கிடக்கிறதே, அதுதான் சிறுமலை. ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். இன்னும் வடமேற்கே போனால் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை. தாண்டிக்குடியில் காப்பி போர்டின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. கோடை மழை இறங்கியதும் கிளை முழுக்க வெள்ளைப் பூ பூக்கிறது. மல்லிகையை ஒத்த மணம். எட்டு ஒன்பது மாதத்தில் பழம் சிவக்கிறது. எல்லாப் பழமும் ஒரே நாளில் சிவப்பதில்லை; நல்ல காப்பி வேண்டுமென்றால் பழுத்ததை மட்டும் பார்த்துப் பார்த்து, ஒரே செடிக்குப் பல முறை வந்து பறிக்க வேண்டும். சரிவில் நின்று அதைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஐந்தாறு கிலோ பழம் பறித்தால் ஒரு கிலோ பச்சைக்கொட்டை. வறுக்கும்போது அதிலும் எடை குறைகிறது.

இந்தியக் காப்பியில் பெரும்பங்கு கர்நாடகத்துடையது. தமிழ்நாட்டின் பங்கு நூற்றுக்கு ஐந்தாறுதான். ஆனால் நம் மலைகளில் விளைவது பெரும்பாலும் அரபிகா. ரொபஸ்டாவைவிடக் காஃபீன் குறைவு, வாசம் அதிகம், நோய்க்கும் தண்டு துளைப்பானுக்கும் எளிதில் இரையாகும் இனம். நாட்டிலுள்ள காப்பி விவசாயிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு மேல் பத்து ஹெக்டேருக்குக் குறைவாக வைத்திருக்கும் சிறு விவசாயிகள். பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி அடித்ததில் 2025 பிப்ரவரியில் அரபிகா உலகச் சந்தையில் அதுவரை காணாத விலையைத் தொட்டது. மதுரையில் தூள் விலை உடனே ஏறியது. பழம் பறிப்பவரின் கூலி அதே வேகத்தில் ஏறவில்லை.

சிக்மகளூர், குடகு, பாபாபுடன்கிரி, வயநாடு, அரக்கு காப்பிகளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிறுமலை வாழைக்கு அது முன்பே கிடைத்துவிட்டது. பழனி மலைக் காப்பிக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் விருப்பம். அதற்கு முன்னால் அந்தக் காப்பியைக் கேட்டு வாங்க ஆட்கள் வேண்டும், அந்த ஆட்கள் மலையடிவாரத்திலேயே இருக்கிறோம்.

மதுரைக்காரர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை தூள் அரைக்கப் போகும்போது கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். சிக்கரி எத்தனை சதவீதம்? கொட்டை எந்த மலை? சிறுமலை, தாண்டிக்குடி என்று பதில் வந்தால் அரைக் கிலோ கூடுதலாக வாங்குங்கள். வராவிட்டால், வரவழைத்து வைக்கச் சொல்லுங்கள். நாலு பேர் கேட்டால் கடைக்காரர் கட்டாயம் வரவழைப்பார்.